பத்தாயிரம் ரிங்கிட் யார் வீட்டில்? – வருமானமும் ஏற்றத்தாழ்வும் குறித்து வாசகர் கேள்விகள்

குடும்ப வருமானம், சம்பளம், ஏழை பணக்காரர் இடைவெளி ஆகியவற்றைப் பற்றி வந்திருக்கும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே ஐயத்தைத்தான் வெவ்வேறு விதமாகக் கேட்கின்றன: நாட்டின் வருமானம் உயர்ந்துகொண்டே போகிறது என்கிறார்கள், எங்கள் வீட்டுக் கணக்கில் மட்டும் ஏன் அது தெரியவில்லை? கூடிய வரையில் எண்களை வைத்தே பதில் சொல்ல முயன்றிருக்கிறேன். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்; பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: கோலாலம்பூர்க் குடும்பங்களின் இடைநிலை மாத வருமானம் பத்தாயிரம் ரிங்கிட்டுக்கும் மேல் என்று நாளிதழில் படித்தேன். நாங்கள் குடியிருக்கும் அடுக்குமாடியில் மேலிருந்து கீழ்வரை கதவைத் தட்டினாலும் அப்படி ஒரு வீட்டைக் காண முடியாது. இந்தக் கணக்கை யார் வீட்டில் எடுக்கிறார்கள்? – வாசகி, செந்தூல்

பதில்: நீங்கள் படித்த எண் சரியானதுதான். மலேசியப் புள்ளிவிவரத் துறை 2022-ஆம் ஆண்டு நடத்திய குடும்ப வருமான ஆய்வின்படி கோலாலம்பூரின் இடைநிலை வருமானம் 10,234 ரிங்கிட். எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நட்ட நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம் அது. ஆனால் அது ஒரு தனி ஆளின் சம்பளமன்று. ஒரே கூரையின் கீழ் இருந்து ஒன்றாகச் செலவு செய்யும் எல்லாருடைய வருமானத்தின் கூட்டுத்தொகை. செய்தித் தலைப்புகளில் முதலில் காணாமற்போவது இந்த வேறுபாடுதான்.

உங்கள் அடுக்குமாடியிலேயே ஒரு வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். அப்பா லாரி ஓட்டி 2,600 ரிங்கிட் கொண்டு வருகிறார். அம்மாவுக்குப் பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் 1,700. மூத்த மகன் வாடிக்கையாளர் சேவை மையத்தில் 2,900 வாங்குகிறான். மகளுக்கு ஓர் அலுவலகத்தில் எழுத்தர் வேலை, 2,500. தாத்தாவுக்குச் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) உதவித்தொகையாக 600 வருகிறது. கூட்டிப் பார்த்தால் 10,300 ரிங்கிட். அந்த வீட்டில் மூவாயிரம் ரிங்கிட் சம்பளம் வாங்குபவர் ஒருவரும் இல்லை. ஆயினும் புள்ளிவிவரத்தில் அது தலைநகரின் நடுக்குடும்பத்தைவிட ஒரு படி மேலேயே நிற்கிறது. நாளை மகனுக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனால், பழைய வீட்டின் வருமானம் 7,400 ஆகிவிடும். யாருடைய சம்பளத்திலும் ஒரு காசும் குறைந்திருக்காது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆய்வில் குறிக்கப்படுவது சேமநிதி, சொக்சோ, வருமான வரி ஆகிய பிடித்தங்களுக்கு முந்தைய மொத்த வருமானம். சொந்த வீட்டில் இருப்பவர்களுக்கு, அந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ அதையும் வருமானமாக மதிப்பிட்டுச் சேர்ப்பார்கள். அது கைக்கு வரும் பணமன்று. அயல்நாட்டுத் தொழிலாளர்கள் கணக்கிலேயே இல்லை. ஆய்வு குடிமக்களின் குடும்பங்களை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. தலைநகரில் வாடகை கட்ட முடியாமல் ரவாங், காஜாங், கிள்ளான் பக்கம் குடிபெயர்ந்தவர்கள், வேலைக்கு நாள்தோறும் கோலாலம்பூருக்கே வந்தாலும், சிலாங்கூர்க் கணக்கில்தான் வருவார்கள். வசதி படைத்தவர்கள் வாழும் பங்சாரும் மோண்ட் கியாராவும் மட்டும் எல்லைக்குள்ளேயே இருக்கின்றன.

இவ்வளவையும் விட எனக்கு முக்கியமாகப் படும் ஒரு செய்தி பத்திரிகைகளில் பெரிதாக வரவில்லை. 2019-இல் இதே கோலாலம்பூரின் இடைநிலை வருமானம் 10,549 ரிங்கிட்டாக இருந்தது. அதாவது, விலைவாசி ஏறிய மூன்றாண்டுகளில் தலைநகரின் நடுக்குடும்பத்து வருமானம் வெறும் எண்ணளவிலேயே முந்நூறு ரிங்கிட்டுக்கு மேல் சரிந்திருக்கிறது. பினாங்கு அதே காலத்தில் 6,169-இலிருந்து 6,502-க்கு ஏறியது. கிளந்தான் 3,614-இல் நின்றது. பத்தாயிரத்தை வைத்துக் கோலாலம்பூர்க்காரர்கள் வசதியானவர்கள் என்று முடிவு கட்டுபவர்கள், இங்கே வாழ என்ன செலவாகிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கோலாலம்பூரில் இரண்டு பிள்ளைகளுள்ள கணவன் மனைவி ஓரளவு கௌரவமாக வாழ 2016-ஆம் ஆண்டு விலையில் மாதம் 6,500 ரிங்கிட் வேண்டும் என்று மதிப்பிட்டது மத்திய வங்கியான பேங்க் நெகாரா. அந்த விலைகள் இன்று எங்கே போய்விட்டன என்பதை நீங்களே அறிவீர்கள்.

கேள்வி: குடும்ப வருமானம் கூடியது என்று ஓர் அறிக்கை, சம்பளம் குறைந்தது என்று இன்னோர் அறிக்கை. இரண்டும் ஒரே துறையிலிருந்து வருகின்றன. மாணவர்களுக்கு நான் எதைச் சொல்லிக் கொடுப்பது? – ஆசிரியர், ஜார்ஜ்டவுன்

பதில்: இரண்டையுமே சொல்லிக் கொடுங்கள், ஐயா. நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானம் 2019-இல் 5,873 ரிங்கிட், 2022-இல் 6,338. இது ஏறத்தாழ எட்டு விழுக்காட்டு உயர்வு. அதே துறையின் சம்பள ஆய்வில் இடைநிலை மாதச் சம்பளம் 2019-இல் 2,442 ரிங்கிட்டாக இருந்து, கோவிட் ஆண்டான 2020-இல் 2,062-க்கு விழுந்து, 2022-இல் 2,424-க்குத்தான் திரும்பி வந்தது. மூன்றாண்டு உழைப்புக்குப் பிறகு பதினெட்டு ரிங்கிட் நட்டம். அந்த இடைவெளியில் பொதுவான விலைவாசி நான்கரை விழுக்காடு போல ஏறியிருந்தது. உணவு விலையோ 2022-ஆம் ஆண்டில் மட்டும் 5.8 விழுக்காடு ஏறியது.

ஒவ்வொருவரின் சம்பளமும் நகராதபோது வீட்டின் வருமானம் எப்படி நகர்ந்தது? வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போயிருக்கிறார், அல்லது இருப்பவர் இரண்டாவது வேலை பார்க்கிறார், அல்லது சொந்தமாகச் சிறு வியாபாரம் தொடங்கியிருக்கிறார். அரசாங்கத்தின் ரொக்க உதவியும் வீட்டு வருமானத்தில்தான் சேரும், சம்பளத்தில் சேராது. மாணவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான்: குடும்ப வருமானம் என்பது எத்தனை கைகள் உழைக்கின்றன என்பதையும் சேர்த்துக் காட்டும் எண், ஒரு கையின் உழைப்புக்கு என்ன விலை கிடைக்கிறது என்பதை அறியச் சம்பள ஆய்வைத்தான் புரட்ட வேண்டும். 2023-இல் இடைநிலைச் சம்பளம் 2,602-க்கு ஏறியது நல்ல செய்தி. அதை 2019-உடன் ஒப்பிட்டால் நான்கு ஆண்டில் கூடியது 160 ரிங்கிட் என்பதையும் கரும்பலகையில் எழுதிவிடுங்கள்.

கேள்வி: பிறையில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். 2013-இல் என் அடிப்படைச் சம்பளம் 1,400 ரிங்கிட், இப்போது 2,150. நேற்று சேர்ந்த பெண்ணுக்கு 1,700 கொடுக்கிறார்கள். அவளுக்கு மெஷினை ஓட்டச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். குறைந்தபட்ச சம்பளம் ஏறுவது எங்களைப் போன்ற பழைய ஆட்களுக்கு நன்மையா, தீமையா? – வாசகி, பட்டர்வொர்த்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் உள்ள நான்கு எண்களும் நாட்டின் சம்பள வரலாற்றையே சொல்லிவிடுகின்றன. குறைந்தபட்ச சம்பளம் தீபகற்பத்தில் 2013 சனவரியில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கியது. 2016 சூலையில் 1,000, 2019-இல் 1,100, 2020-இல் பெரிய நகரங்களில் மட்டும் 1,200, 2022 மே முதல் நாள் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700 என்று படிப்படியாக ஏறி வந்திருக்கிறது. பன்னிரண்டு ஆண்டில் அடிமட்டச் சம்பளம் 89 விழுக்காடு ஏறியபோது உங்கள் சம்பளம் 54 விழுக்காடுதான் ஏறியிருக்கிறது. அன்று நீங்கள் புதிய ஆளைவிட 500 ரிங்கிட் கூடுதலாக வாங்கினீர்கள். இன்று 450 ரிங்கிட். இருபத்திரண்டு ஆண்டு அனுபவத்துக்கு உங்கள் முதலாளி வைத்திருக்கும் விலை, விலைவாசியைக் கணக்கில் எடுக்காமலேயே, குறைந்துவிட்டது.

ஆயினும் கோபத்தைப் புதிதாகச் சேர்ந்த பெண்ணின் மீதோ குறைந்தபட்ச சம்பளத்தின் மீதோ திருப்புவது சரியாக இராது. அந்தச் சட்டம் இல்லாதிருந்தால் அவளுக்குக் குறைவாகக் கொடுத்திருப்பார்களே தவிர, உங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்திருக்க மாட்டார்கள். அரசாங்கம் அடித்தளத்தை உயர்த்துகிறது. அதற்கு மேலுள்ள படிகளை உயர்த்துவது முதலாளியின் விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது, அவர் உயர்த்துவதில்லை. பல நாடுகளில் அந்தப் படிகளைக் காப்பவை தொழிற்சங்கங்களும் கூட்டு ஒப்பந்தங்களும்தான். பாயான் லெப்பாஸில் 1972-இல் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கப்பட்டு அயல்நாட்டு மின்னணு நிறுவனங்கள் வந்திறங்கிய காலத்திலிருந்து, அந்தத் தொழிலில் நாடளாவிய சங்கம் அமைக்க இடம் தரப்படவில்லை. 1988-இல் நிறுவனத்துக்குள்ளேயான சங்கங்களுக்கும், 2009-இல் வட்டாரச் சங்கங்களுக்கும் வழி விட்டார்கள். சங்கச் சட்டம் 2024 செப்டம்பரில்தான் மேலும் தளர்ந்தது. பேரம் பேசும் பழக்கமே வேரூன்றாத இடத்தில் அனுபவத்துக்கு விலை கேட்பது யார்?

இரண்டாவது காரணம் எளிதில் கிடைக்கும் அயல்நாட்டு உழைப்பு. ஆள் கிடைக்கவில்லை என்றால் சம்பளத்தை ஏற்றிப் பார்ப்பது, இயந்திரத்தை மேம்படுத்துவது என்ற இரண்டு வழிகளில் ஒன்றைத்தான் முதலாளி தேட வேண்டியிருக்கும். குத்தகையாளர் மூலம் ஆட்களைத் தருவிக்க முடிகிறபோது இரண்டுமே தேவைப்படுவதில்லை. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஊழியர்களுக்குப் போய்ச் சேரும் பங்கு 2022-இல் 32.4 விழுக்காடு, 2023-இல் 33.1 விழுக்காடு. வளர்ந்த நாடுகள் பலவற்றில் அது பாதியை ஒட்டி இருக்கிறது. இதை 45 விழுக்காட்டுக்கு உயர்த்துவது அரசாங்கத்தின் மடானி பொருளாதாரத் திட்டத்தின் இலக்குகளில் ஒன்று. இலக்கு நல்லது. ஆனால் அதற்கான கருவியாக 2024-இல் சோதனை முறையில் தொடங்கிய முற்போக்குச் சம்பளக் கொள்கை, விரும்பும் முதலாளிகள் மட்டும் சேர்வதற்கான திட்டமாகவே இருக்கிறது. நீங்கள் பணியாற்றும் நிறுவனம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று மனிதவளப் பிரிவில் கேளுங்கள். சேர்ந்திருந்தால் உங்களைப் போன்ற அனுபவமிக்கவர்களுக்குச் சம்பளம் உயர்த்த முதலாளிக்கு ஓராண்டுக்கு மாதம் 300 ரிங்கிட் வரை உதவி கிடைக்கும்.

கடிதத்தின் பின்பக்கத்தில், ஓ.டி. (மிகைநேர வேலை) செய்துதான் மூவாயிரத்தைத் தொடுகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2,150-ஐ 26 நாளால் வகுத்து, பிறகு எட்டு மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 10 ரிங்கிட் 34 காசு. ஒன்றரை மடங்கு ஓ.டி. என்றால் 15 ரிங்கிட் 50 காசு. மாதம் அறுபது மணி நேரம் கூடுதலாக உழைத்தால் 930 ரிங்கிட் சேர்ந்து 3,080 ஆகிறது. ஓ.டி. பணத்துக்குச் சேமநிதிப் பிடித்தம் கிடையாது என்பது பலருக்கு ஓய்வு பெறும்போதுதான் உறைக்கிறது. முதலாளி உங்கள் கணக்கில் செலுத்தும் 13 விழுக்காடு அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமே, ஏறத்தாழ 280 ரிங்கிட். அந்த 3,080-உம் அடிப்படைச் சம்பளமாகவே இருந்திருந்தால் மாதந்தோறும் 400 ரிங்கிட் போயிருக்கும். இருபது ஆண்டுகளில், வட்டியை விட்டுவிட்டாலும், இந்த 120 ரிங்கிட் வேறுபாடு 28,800 ஆகிறது. சம்பள உயர்வு கேட்கப் போகும்போது ஓ.டி.யைக் கூட்டித் தருகிறோம் என்று சொன்னால் இந்தக் கணக்கை எடுத்துக் காட்டுங்கள்.

கேள்வி: ஏற்றத்தாழ்வு குறைந்து வருகிறது என்கிறது அரசாங்கம், கூடிவிட்டது என்கிறார்கள் எதிர்த்தரப்பினர். கினி குறியீட்டை வைத்து யார் சொல்வது உண்மை என்று கூற முடியுமா? – கல்லூரி மாணவர், செராஸ்

பதில்: எல்லாருக்கும் ஒரே வருமானம் என்றால் கினி குறியீடு சுழியம், ஒருவருக்கே எல்லாம் என்றால் ஒன்று. மலேசியாவில் 1970-இல் அது 0.513. புதிய பொருளாதாரக் கொள்கை தொடங்கிய பிறகும் 1976-இல் 0.557 வரை ஏறி, அதன்பின் நீண்ட காலமாக இறங்கி, 2016-இல் முதன்முறையாக 0.4-க்குக் கீழே 0.399 ஆனது. 2019-இல் 0.407, 2022-இல் 0.404, 2024 ஆய்வில் 0.390. ஐம்பது ஆண்டுப் போக்கைப் பார்த்தால் அரசாங்கம் சொல்வது உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கினி அளப்பது விகிதத்தை. மக்கள் கண்ணால் காண்பது வேறுபாட்டை. 2016-இல் கீழ்த்தட்டு நாற்பது விழுக்காட்டினரின் சராசரிக் குடும்ப வருமானம் 2,848 ரிங்கிட். மேல்தட்டு இருபது விழுக்காட்டினருக்கு 16,088. 2019-இல் அவை முறையே 3,152, 18,506. மூன்றாண்டில் கீழே இருப்பவர்களுக்கு 304 ரிங்கிட் கூடியது. மேலே இருப்பவர்களுக்கு 2,418 ரிங்கிட். வீட்டு விலையும் தனியார் மருத்துவமனைக் கட்டணமும் விகிதத்தைப் பார்த்து நிர்ணயிக்கப்படுவதில்லை. கையில் கூடுதல் பணம் உள்ளவர் கொடுக்கத் தயாராக இருப்பதைப் பார்த்துத்தான் நிர்ணயிக்கப்படுகின்றன. கினி சற்றும் அசையாத ஆண்டிலும் கீழே இருப்பவருக்கு வீடு இன்னும் எட்டாத தூரம் போய்விடும்.

மேலும், இது வருமானக் கணக்கு மட்டுமே. வீடு, நிலம், பங்குகள், சேமிப்பு ஆகிய சொத்துகளின் ஏற்றத்தாழ்வு இதைவிட எப்போதும் பெரியது. பெரும்பணக்காரர்கள் வருமான ஆய்வாளருக்குக் கதவைத் திறப்பதும் அரிது. எனவே தேர்வில் கேட்டால் குறைந்திருக்கிறது என்றே எழுதுங்கள். எது குறைந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும்.

கேள்வி: பி40 மக்களே இல்லாத மலேசியா எப்போது வரும்? – வாசகர், சுங்கை பட்டாணி

பதில்: ஒருபோதும் வராது. வரிசையில் கடைசி நாற்பது விழுக்காட்டினரைத்தான் பி40 என்கிறோம். எல்லாரும் கோடீசுவரர்களானாலும் கடைசி நாற்பது விழுக்காடு இருக்கத்தான் செய்யும். 2022-இல் அந்தக் கோடு 5,250 ரிங்கிட்டில் விழுந்தது, அவ்வளவுதான். அந்தக் கோட்டை அப்படியே உதவித் திட்டங்களுக்குப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை: கோலாலம்பூரில் வாடகை வீட்டில் நான்கு பிள்ளைகளோடு 5,400 ரிங்கிட்டில் வாழும் குடும்பம் எம்40 (நடுத்தட்டு நாற்பது விழுக்காடு); கிளந்தானில் சொந்த வீட்டில் இருவராக 5,100 ரிங்கிட்டில் வாழ்பவர்கள் பி40.

குறைக்க முடிந்தது வறுமையை. அதிலும் எச்சரிக்கை தேவை. மாதம் 980 ரிங்கிட்டை வறுமைக் கோடாக வைத்திருந்தவரை, 2016-இல் 0.4 விழுக்காட்டினரே ஏழைகள். அந்தக் கோட்டில் நான்கு பேர் கொண்ட குடும்பம் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டு ரிங்கிட்டில் வாழ வேண்டும். ஐக்கிய நாடுகளின் சிறப்புப் பார்வையாளர் பிலிப் ஆல்ஸ்டன் 2019-இல் இங்கு வந்து இதைக் கடுமையாகக் குறை கூறினார். முதலில் மறுத்த அரசாங்கம் பிறகு கோட்டை 2,208 ரிங்கிட்டுக்கு மாற்றியது. ஏழைக் குடும்பங்கள் 5.6 விழுக்காடாயின. 2022-இல் 6.2 விழுக்காடு.

கேள்வி: இந்தியர்களின் குடும்ப வருமானம் நாட்டின் இடைநிலையைவிடக் கூடுதல் என்று புள்ளிவிவரம் காட்டுகிறது. அப்படியிருக்க, நம்மவர்கள் பின்தங்கியிருக்கிறார்கள் என்று மேடைதோறும் பேசுவது சரியா? – வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: 2019 ஆய்வில் இந்தியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் 5,981 ரிங்கிட்; பூமிபுத்ராக்களுக்கு (மலாய்க்காரர்களும் பிற பூர்வகுடியினரும்) 5,420, சீனர்களுக்கு 7,391. மேடைப் பேச்சாளர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை என்பது உண்மை. சொல்பவர்களும் அதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆய்வின் சராசரியைப் பாருங்கள்: இந்தியர்களுக்கு 8,216, பூமிபுத்ராக்களுக்கு 7,093, சீனர்களுக்கு 9,895. சராசரி இடைநிலையைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு மேலே இருக்கும் சிலர் அதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள் என்று பொருள். வகுத்துப் பார்த்தால் இந்த மூன்று பிரிவினரில் அந்த உயரம் நம்மிடையேதான் அதிகம்: இடைநிலையைவிடச் சராசரி ஏறத்தாழ 37 விழுக்காடு கூடுதல். சீனர்களுக்கு அது 34, பூமிபுத்ராக்களுக்கு 31. டாக்டர்களும் வழக்கறிஞர்களும் ஒரு பக்கம், பாதுகாவலர்களும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளர்களும் இன்னொரு பக்கம். நடுவில் ஆட்கள் குறைவு.

வரலாறும் ஒரு காரணம். 1970-இல் தீபகற்பத்தில் இந்தியக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 304 ரிங்கிட், மலாய்க் குடும்பத்துக்கு 172, சீனக் குடும்பத்துக்கு 394. அன்று நம்மவர்களில் பெருந்தொகையினர் தோட்டத்தில் இருந்தார்கள். லயத்து வீட்டுக்கு வாடகை இல்லை. வீட்டுக்குப் பின்னால் கீரையும் கோழியும் இருந்தன. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் நடந்து போகும் தூரம். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபோது அவர்கள் நகர்ப்புறத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ரொக்க வருமானம் கூடியது, புள்ளிவிவரத்தில் முன்னேற்றம் பதிவாயிற்று. முன்பு செலவே இல்லாதிருந்த வாடகை, பேருந்து, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆகியவை அதே நாளில் தலையில் ஏறியதை வருமான ஆய்வு பதியாது. கம்பத்தில் (கிராமத்தில்) சொந்த நிலமும் வீடும் உள்ள குடும்பத்தின் 4,500 ரிங்கிட்டும், பந்தாய் பக்கம் அடுக்குமாடியில் வாடகை கட்டும் குடும்பத்தின் 6,000 ரிங்கிட்டும் மாதக் கடைசியில் எங்கே நிற்கின்றன என்று பார்த்தால்தான் ஒப்பீடு சரியாக இருக்கும்.

ஆகவே, சமூகம் முழுவதும் பின்தங்கியிருக்கிறது என்று பேசுவது தவறு. அதைவிடப் பெரிய தவறு, சராசரியைக் காட்டிக் கீழே இருப்பவர்களுக்கு உதவி தேவையில்லை என்பது. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்கிறேன்: சமூகத்துக்கென்று ஒதுக்கப்படும் நிதி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். இனத்தின் பெயரால் வரும் பணம், அந்த இனத்திலேயே விண்ணப்பப் பாரம் நிரப்பத் தெரிந்தவர்களிடம் முதலில் போய்ச் சேர்வது எல்லாச் சமூகத்திலும் நடப்பது.

கேள்வி: என் மகன் தொழிற்சாலையில் 1,900 ரிங்கிட் வேலையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் உணவு விநியோகம் செய்கிறான். மாதம் 3,800 வருகிறது, அப்பாவைவிட நான்தான் அதிகம் சம்பாதிக்கிறேன் என்கிறான். சந்தோஷப்படுவதா, கவலைப்படுவதா? – ஒரு தாய், கெப்போங்

பதில்: கொஞ்சம் சந்தோஷப்படுங்கள், அம்மா, பிறகு அவனோடு உட்கார்ந்து ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். பெட்ரோல், மோட்டார் தவணை, எண்ணெய் மாற்றம், டயர், கைப்பேசிக் கட்டணம் எல்லாம் அவன் கைக்காசு. மாதம் 800 ரிங்கிட் என்று வைத்தால் மிச்சம் 3,000. காலை பத்து மணிக்குப் போய் இரவு பத்துக்கு வருகிறான், வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு என்று எழுதியிருக்கிறீர்கள். மாதத்துக்கு 312 மணி நேரம். மணிக்கு 9 ரிங்கிட் 60 காசு.

இப்போது பழைய வேலையை அதே 312 மணி நேரத்துக்குக் கணக்கிடுங்கள். 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் என்று வைத்தால் 208 மணி நேரத்துக்கு 1,900 ரிங்கிட். மீதமுள்ள 104 மணி நேரம் ஓ.டி.; ஒரு மாதத்தில் சட்டம் அனுமதிக்கும் உச்ச வரம்பும் அதுவே. மணிக்கு 13 ரிங்கிட் 70 காசு என்ற கணக்கில் 1,425 ரிங்கிட். மொத்தம் 3,325. அதன்மேல் முதலாளி செலுத்தும் சேமநிதி 247 ரிங்கிட், மருத்துவ விடுப்பு, வருடாந்திர விடுப்பு. உங்கள் மகன் சம்பாதிப்பது கூடுதல் சம்பளத்தினால் அன்று, கூடுதல் நேரத்தினால். எல்லாத் தொழிற்சாலையிலும் அவ்வளவு ஓ.டி. கிடைக்காது என்பதையும், தன் நேரத்தைத் தானே முடிவு செய்வதில் இளைஞர்களுக்கு ஒரு மதிப்பு இருக்கிறது என்பதையும் நான் மறுக்கவில்லை.

அவன் இந்தத் தொழிலிலேயே இருக்க விரும்பினால், சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ பாதுகாப்பு நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாலையில் பன்னிரண்டு மணி நேரம் இருப்பவன் அதை விடக் கூடாது. அடுத்தது சேமநிதியின் ஐ-சாரான் திட்டம். ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் சேர்த்தால் அரசாங்கம் இருபது விழுக்காடு, அதாவது 500 ரிங்கிட், தன் பங்காகப் போடுகிறது. அவன் எடுத்து வைக்க வேண்டியது மாதம் 210 ரிங்கிட்டுக்கும் குறைவு. தற்சார்பு விநியோகத் தொழிலாளர்களுக்கான கிக் தொழிலாளர் சட்டத்தையும் நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியிருக்கிறது. ஊதியக் கணக்கில் தகராறு வந்தால் முறையிட அது வழி செய்கிறது.

கடைசியாக ஒன்று. சம்பளச் சீட்டு இல்லாதவர்களுக்கு வங்கியில் வீட்டுக் கடன் கிடைப்பது கடினம். செயலியில் வரும் வாராந்திரக் கணக்குகளைப் பதிவிறக்கி வைக்கச் சொல்லுங்கள், வருமானம் முழுவதும் ஒரே வங்கிக் கணக்கில் விழட்டும், வருமான வரிப் பாரத்தையும் ஆண்டுதோறும் அனுப்பட்டும். நிலையான வருமானச் சான்று இல்லாதவர்கள் முதல் வீடு வாங்குவதற்கு அரசாங்கமே வங்கிக்கு உத்தரவாதம் தரும் எஸ்.ஜே.கே.பி. என்ற திட்டம் இருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும்போது இந்தத் தாள்களைத்தான் கேட்பார்கள்.